மின்னலக்காவின் கைவேகம்

மின்னலக்காவுக்கு அந்த வகுப்பறையில் ஒருத்தரையும் பிடிக்காது. பிள்ளைகளைச் சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு வாய் திறந்து கேட்கவே வராது, அவர்கள் மேல் என்ன கோபம்? அவளுக்கு ஆகாதவர்கள் பெரியவர்கள்தான். முதல் ஆள் டீச்சர். சிறப்புக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவள், ஒரு பிள்ளை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். கேட்டால் பயிற்சியாம். மின்னலக்காவைக் கேட்டால் சுத்த சோம்பேறித்தனம்.

அவள் அங்கே உதவியாளர். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, எச்சில் துடைப்பது, கொட்டிய சாப்பாட்டை அள்ளுவது, ஷூ மாட்டிவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. மின்னல் என்று பெயர் வைத்தது வேன் டிரைவர். பாராட்டாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று அவரைக் கேட்டால் அவரே முழிப்பார். அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

வீட்டிலும் அதே வேகம்தான். புருஷன் குளித்துவிட்டுக் கதவிடுக்கில் கையை நீட்டினால் அந்தக் கையில் துண்டு இருக்கும். வேலைக்குப் போகிற மகன் கட்டிலில் உட்கார்ந்து “சாக்ஸ்” என்று முனகினால் சாக்ஸ் மடியில் வந்து விழும். ஒரு துரும்பைக்கூட நகர்த்தத் தெரியாத தண்டங்கள் என்று இரண்டு பேரையும் நாள் முழுக்கத் திட்டுவாள். திட்டிக்கொண்டேதான் எடுத்தும் கொடுப்பாள். போதாததற்கு, வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனார் வரும்போதெல்லாம், “அண்ணி இன்னும் செருப்பு மாட்டிவிடுற வேலையிலதான் இருக்கீங்களா?” என்று சிரித்தபடி கேட்டுவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பு மின்னலக்காவுக்குத் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

அந்த முள்ளை எடுக்க வந்தவள் என்று அவள் நம்பியது சிட்டுவை. அந்த வகுப்பில் இருந்த பேச்சு வராத சிறுமி, ஆனால் கண் எல்லாவற்றையும் பார்க்கும். பக்கத்துக் கட்டிடத்தில் சாதாரணப் பிள்ளைகளோடு அவளைச் சேர்க்கலாமா என்ற பேச்சு அந்த வருஷம் எழுந்தது. அங்கே உதவியாளர் கிடையாது. தன் பையைத் தானே மாட்ட வேண்டும், டப்பாவைத் தானே திறக்க வேண்டும், விளையாடப் போகும்போது ஷூவைத் தானே போட வேண்டும். சிட்டு அங்கே போய்விட்டால் அவளை ஆளாக்கியது யார் என்று ஊரே கேட்கும். நாத்தனாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மின்னலக்கா மனசுக்குள் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஒரு வேலையைத் தொடங்கினால் பெரியவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளை அழுதாலும் சரி, வெளியே மற்றவர்கள் விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, அது தானே முயன்று பார்க்கும்வரை கை முன்னால் வரக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே இடம் இதுதான் என்று மின்னலக்கா வேன் டிரைவரிடம் சொல்லிச் சிரிப்பாள். டீச்சர் பார்க்கும்போது அவள் கையும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், குனிந்து, நுழைத்து, பட்டையை ஒட்டி, நிமிர்ந்துவிடுவாள். டீச்சர் இந்தப் பக்கம் திரும்பும்போது ஷூ சிட்டுவின் காலில் இருக்கும்.

ஒருநாள் டீச்சர் ஆச்சரியப்பட்டு, அவளேதான் போட்டாளா என்று கேட்டாள். “பின்ன, நானா போட்டேன்?” என்றாள் மின்னலக்கா. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாமா அழுவார்கள் என்று மின்னலக்கா உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

சிட்டுவைப் பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்பலாமா என்று சோதித்துப் பார்க்க அதிகாரி வந்த அன்று அவள் அம்மா தன் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, புடவைத் தலைப்பைச் சுருட்டியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி மின்னலக்காவை மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாத மனுஷன், இவன் என்ன சோதிக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் போய் உட்கார்ந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். ஆனால் இத்தனை நாள் பார்த்த பிள்ளைக்கு ஒரு ஷூ போடத் தெரியாமலா போகும்?

சிட்டு பையை மாட்டினாள். டப்பாவின் மூடியோடு நெடுநேரம் போராடித் திறந்தாள். இரண்டும் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பழக்கியவை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தது ஷூ. அதில் பயமே இல்லை என்று டீச்சர் அதிகாரியிடம் நம்பிக்கையாகச் சொன்னாள்.

சிட்டு அலமாரியிலிருந்து ஷூவை எடுத்தாள். வெறுங்காலோடு நடந்தாள். டீச்சரைத் தாண்டி, அதிகாரியைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி மூலைக்கு வந்து, ஷூவை மின்னலக்காவின் மடியில் வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி நீட்டினாள். அவள் முகத்தில் பிடிவாதமும் இல்லை, பயமும் இல்லை. ஷூ போடுவது என்றால் அவளுக்குத் தெரிந்த முறை அதுதான்.

மின்னலக்கா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சிட்டு காத்திருந்தாள். காலை ஆட்டினாள். அப்புறம் எட்டி, மின்னலக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் காலருகே கொண்டுவந்து வைத்தாள்.

அதிகாரி பேனாவை மூடிப் பையில் சொருகினார். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீச்சர் மின்னலக்காவைப் பார்த்தாள், நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள், ஆனால் டீச்சர் திட்டவில்லை. மின்னலக்காவுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு யார் மேலும் கோபமில்லை.

“பரவால்லக்கா. நீங்க இல்லாம அவளுக்கு ஒண்ணுமே முடியாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க இருக்கறவரைக்கும் எனக்கு என்ன கவலை?”

மின்னலக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கை ஷூவை மாட்டி முடித்திருந்தது. சிட்டு இடது காலை நீட்டினாள்.