ஆட்சேபணை இல்லை

காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணிக்கு மகளுக்கு நீச்சல் போட்டி. இதுவரை ஒரு போட்டிக்கும் நான் போனதில்லை. "அம்மா வருவாங்க, ஆனா வரமாட்டாங்க" என்று அவளும் அவள் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டார்கள். கேலிதான். இருந்தாலும் சுருக்கென்றது.

கோர்ட்டிலோ அன்றைக்கு என் கட்சிக்காரர் டிரைவர் அண்ணனின் சாட்சியம். பிரேக் பிடிக்காத பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று சொன்னதற்காக வேலையைவிட்டுத் தூக்கப்பட்டவர். அவர் கூண்டேறிப் பேசினால்தான் வழக்கு நகரும். குறுக்கு விசாரணை தொடங்கிவிட்டால் சாயங்காலம்வரை இழுக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். மேசைக்கடியில் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து இருமினார். தொழிலில் பழகியவர்களுக்கு அந்த இருமல் புரியும்: மனிதர் கேஸ் கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை.

"உடம்பு முடியலைங்கய்யா. ஒரு வாய்தா வேணும்."

நீதிபதி என்னைப் பார்த்தார். இன்றைக்கு நீ விட்டுக்கொடு, நாளைக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன் என்பது வக்கீல்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். அதோடு எனக்கு மூன்று மணி. கரும்பு தின்னக் கூலியா?

"ஆட்சேபணை இல்லைங்கய்யா" என்றேன். வழக்கு அடுத்த மாதத்துக்குப் போனது.

நான் வக்கீலுக்குப் படித்ததே இந்த இரண்டு வார்த்தைகள் மேலிருந்த ஆத்திரத்தில்தான். அப்பா கண்டக்டர். அவரையும் இப்படித்தான் ஒருநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளி விடுமுறைகளில் அவரோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். அவருடைய வக்கீல் உள்ளே அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து கையை விரிப்பார். அந்த ஆளைக் கடித்து வைக்கலாமா என்றிருக்கும். மாமியார் உடைத்தால் மண்குடமாம். இப்போது கையை விரிப்பது நான்.

டிரைவர் அண்ணன் வாசலில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார்.

"தள்ளிப் போயிடுச்சுண்ணே. அந்தப் பக்கத்து வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம்."

"பரவாயில்லம்மா. நீங்களும் எவ்வளவோ மல்லுக்கட்டியிருப்பீங்க."

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். ஜிப் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

நீச்சல் குளத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்கு வந்துவிட்ட பெருமையோடு உள்ளே நுழைந்தேன். குளத்தில் ஒரு ஆள் இல்லை. மகள் படியில் நீச்சலுடையோடு, நனையாத தலையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"என்னடி ஆச்சு?"

"எதிர் ஸ்கூல் பொண்ணுக்கு ஜுரமாம். போட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னாங்களாம். எங்க கோச்சும் சரின்னு தலையாட்டிட்டாரும்மா!"

"அடுத்த மாசம் நடத்துவாங்கடா கண்ணு..."

"நான் இன்னைக்குத்தான் ரெடியா வந்தேன்! என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?"

அவளைச் சேர்த்தணைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கோச்சைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? அவர் ஒதுக்குப்புறமாக நின்று யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வெளியே வந்து டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது; இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு நான் மல்லுக்கட்டவே இல்ல. வாய்தாவுக்கு ஒத்துக்கிட்டதே நான்தான்."

"தெரியும்மா," என்றார். "கதவுகிட்டதானே நின்னுக்கிட்டு இருந்தேன்."

போனைக் காது மாற்றிப் பிடித்தேன்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா, சீக்கிரம் விசாரிக்கச் சொல்லி மனு போடறேண்ணே."

"போடுங்க. சட்டையை இன்னும் கழட்டல. எப்ப வரணும்னு மட்டும் சொல்லுங்க."