நகமில்லாத கட்டைவிரல்

சனிக்கிழமை மாலை நாலரை மணி டீக்குச் சற்று முன்பு, சித்ரகலாவின் கட்டைவிரல் நகம் ஒரு பனியனின் நெஞ்சுப் பகுதியில் மாட்டி நூலை இழுத்தது. மெல்லிய துணி. ஒரு கண்ணி அறுந்தால் போதும், ஏணிப்படி மாதிரி கீழ்வரைக்கும் பிரிந்துகொண்டு போகும். போயிற்று.

பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் நகம் வளர்க்கக் கூடாது. சுவரில் எழுதியே இருந்தது. சித்ரகலா இரண்டு மாதமாக வலது கட்டைவிரலில் மட்டும் வளர்த்து வந்தாள். மறைப்பது சுலபம். நாள் முழுக்க டிரிம்மர் என்கிற சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டுகிறவர்களுக்குக் கட்டைவிரல் கொப்பளித்துவிடும். எல்லாரும் பிளாஸ்திரி சுற்றியிருப்பார்கள். அவளுடைய பிளாஸ்திரிக்கு அடியில் நகம் இருந்தது. இன்று வியர்வையில் பிளாஸ்திரி கழன்று எங்கோ விழுந்துவிட்டது.

பக்கத்து மேசை நாகஜோதி எட்டிப் பார்த்தாள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. திருப்பூர் வந்து பத்து வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"யாத்தே! என்னக்கா இது, சேவக்கோழி நகமாட்டம்? யாரைப் பிராண்டுறதுக்கு?"

"கிட்டாருக்கு."

"கிட்டாருக்கு நகம் வேணும்னா அது வளத்துட்டுப் போகுது. உனக்கு எதுக்கு?"

சித்ரகலா சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் செல்வக்குமார் வந்துகொண்டிருந்தான்.

வேல்குமாரின் குழு கல்யாண வரவேற்புகளில் பாடுகிற குழு. சித்ரகலா அதில் ஆறு வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறாள். ஞாயிறும் முகூர்த்த நாளும். பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்து ஓங்கி அடிப்பாள். பந்திச் சத்தத்தில் அவளுக்கே கேட்காது. இப்போது குழு முதல்முறையாகச் சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்கிறது. அதில் கிட்டாரை விரலால் வாசிக்க வேண்டும். கட்டைவிரல் கீழ்ச் சுரம், மற்ற விரல்கள் மெட்டு. பாட்டு முழுக்க அதுதான் ஓடுகிறது. வேல்குமார் முதலில் அந்தப் பகுதியைக் கீபோர்டில் உள்ள கிட்டார் ஒலியை வைத்தே முடித்திருந்தார். போன ஞாயிறு அவள் நகத்தால் வாசித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

"இதுதானுங்க அம்மணி. வர்ற ஞாயித்துக்கெழமை இதே மாதிரி வாசிச்சீங்கன்னா பதிஞ்சரலாம். இல்லீன்னா கீபோர்டு கிட்டாரே இருந்துட்டுப் போகட்டும். பாட்டை வெளியிடறவங்களுக்கு அன்னைக்கே அனுப்பியாகணும்."

அந்த ஞாயிறு நாளை.

செல்வக்குமார் பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, நீங்களே இப்படிப் பண்ணுனா நான் யாரைக் கேக்கறதுங்க?"

"ஒரு பீசுதான் தம்பி. நாளைக்குச் சாயங்காலம் வெட்டிக்கறேனுங்க. இன்னைக்கு மிச்ச நேரம் துணியத் தொடலீங்க, பெட்டி கட்டறேன்."

"துணி வாங்கற பையர் ஆளு கீழ இருக்காருங்க்கா. மேல வந்தா மொதல்ல கையத்தான் பாப்பாரு. இப்பவே வெட்டீருங்க."

அவன் நகராமல் நின்றான். சித்ரகலா டிரிம்மரை எடுத்து வெட்டினாள். நகம் பிசிறுக் கூடையில் விழுந்தது.

வேல்குமாரின் பதிவறை அவர் தம்பியின் நிட்டிங் யூனிட்டுக்கு மேலே இருந்தது. மற்ற நாட்களில் கீழே மெஷின் ஓடும்போது கிட்டாருக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம் வரும். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களுக்கு விடுமுறை. சுவர்களில் பழைய துணிச் சுருள்களை அடுக்கி ஆணி அடித்திருந்தார். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு மைக்.

சித்ரகலா வாசித்தாள். நகம் இருந்தபோது சுரத்தின் தொடக்கத்தில் ஒரு கூர்மை இருந்தது. இப்போது இல்லை. சதை பட்ட கம்பியிலிருந்து சுரம் மழுங்கலாக எழுந்தது.

"என்னாச்சு அம்மணி? மங்கிப் போச்சே."

"நகம் இல்லீங்கண்ணா. வேலையில வெட்டச் சொல்லீட்டாங்க."

"அட, ஒரு நாளு லீவு போட்டிருக்கலாமில்லீங்க?"

"வெட்டச் சொல்லுவோம்னு முன்னாடியே சொல்லீட்டா வருவாங்க?"

வேல்குமார் அந்த ஒலியின் மீது நம்பிக்கை இல்லாமல் ஆம்ப்ளிஃபயரில் ஒலியை முறுக்கேற்றும் கெய்ன் திருகியைக் கூட்டினார். சத்தம் பெருத்தது. ஆனால் கட்டைவிரல் விழும் ஒவ்வொரு முறையும் தொண்டை கட்டின மாதிரி கரகரத்தது. அவள் எழுந்து போய் கெய்னைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். வால்யூமை ஏற்றினாள். கிட்டாரில் கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கத்து ஒன்றுக்கு மாற்றினாள். உட்கார்ந்து, கையைக் கிட்டாரின் கழுத்தருகே வைத்து வாசித்துப் பார்த்தாள். சுரங்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டின. பின்னால் நகர்த்தினாள். தகரம் தட்டின மாதிரி ஒலித்தது. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் கை நின்றது.

அங்கே அவள் மெதுவாக வாசித்தாள். ஆறு வருஷமாகக் கை கற்றது ஓங்கி அடிக்க. அதைத் தடுக்க மணிக்கட்டைக் கிட்டாரின் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. கீழ்ச் சுரம் எழுந்து, நின்று, தானாக அடங்கியது. அது அடங்குவதற்குள் மேலே மெட்டு வந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது.

பாட்டின் நீளத்துக்கும் வாசித்து முடித்தாள். வேல்குமார் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தார்.

"நல்லாத்தானுங்க இருக்கு" என்றார். "தண்ணி மாதிரித் தெளிவா இருக்கு. இருங்க, பாட்டோட சேத்துப் பாப்போம்."

இன்னொரு ஹெட்போனை அவளிடம் நீட்டினார். பாட்டு ஓடியது. முதல் சில நொடிகள் கிட்டார் தனியாக வந்தது. பிறகு கீபோர்டு நுழைந்தது. இரண்டு கையும் நிறைய. அதற்குப் பின்னால் வயலின் மாதிரி ஒரு படலம், அதற்குப் பின்னால் புல்லாங்குழல் மாதிரி இன்னொன்று. எல்லாமே வேல்குமார் வாசித்தவை. இரண்டாவது வரியில் கிட்டார் காணாமல் போனது. இருக்கிறதா என்று அவள் தேட வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா" என்றார் அவர். "கேக்கவே இல்லீங்க. சத்தத்தைக் கூட்டுனா மறுக்கா கரகரங்குது. பிக்க வெச்சு வேணா ஒருக்கா அடிச்சுப் பாக்கறீங்களா?"

"பிக்குல ரெண்டையும் ஒண்ணா வாசிக்க முடியாதுங்கண்ணா."

"அப்பறம் என்னங்க பண்றது? எனக்கு மட்டும் ஆசையா? கீபோர்டு கிட்டாரு தயாராக் கெடக்குது. அதுல எல்லாம் கேக்குது." கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பழைய பதிவின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அழுத்தவில்லை. "நீங்களே சொல்லுங்க."

சித்ரகலா பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிடச் சொன்னாள். கண்ணை மூடாமல், திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கிட்டார் எந்த இடத்தில் மறைகிறதோ அந்த இடத்தில் கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார். திரையில் கீபோர்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடைவெளியில்லாமல், பச்சையாக நிறைந்திருந்தன. கிட்டாரின் வரி எல்லாவற்றுக்கும் அடியில் நூல் மாதிரி ஓடியது.

"கிட்டாரைத் தொட வேண்டாமுங்கண்ணா" என்றாள் அவள். "உங்க கீபோர்டைக் கொஞ்சம் எடுத்துட்டுக் கேக்கலாமுங்களா?"