உள்நாட்டு இயக்குநர்

வெலிங்டன் சோயெஸை நாங்கள் ‘சட்டம்’ என்றுதான் கூப்பிடுவோம், அதுவும் முகத்துக்கு நேராகவே. காலையில் அவர் தலை தெரிந்ததும், “சட்டம் வந்துடுச்சு, நாற்காலி போடுங்கடா!” என்று யாராவது கத்துவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவார்.

தொலைக்காட்சி விளம்பரங்களை எங்கள் நாட்டு ஆட்கள்தான் எடுத்திருக்க வேண்டும் என்று ஈக்வடாரில் சட்டம் வந்திருந்த நேரம். அதுவரை மெக்சிகோவிலோ ஸ்பெயினிலோ எடுத்ததை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இனி அது செல்லாது. ஆனால் குளிர்பானக் கம்பெனிக்காரர்களுக்கு உலகம் முழுக்க ஓடுகிற அதே விளம்பரம்தான் வேண்டும். அதனால் வெளிநாட்டு விளம்பரத்தை ஷாட்டுக்கு ஷாட் இங்கே திரும்ப எடுக்கிற தொழில் ஒன்று எங்கள் குவாயாகில் நகரில் முளைத்தது. நான் அதில் விளக்குக்காரன். எங்கள் கம்பெனியை நடத்தியவள் இவோன் சாந்திஸ்தேவன். படத்தை உண்மையில் எடுத்தவன் புவெனஸ் அயர்ஸிலிருந்து விமானத்தில் வந்துபோகும் காஸ்தோன் ஃபெரேய்ரா. சட்டம் வெளியாட்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அந்த இடத்தைக் காஸ்தோன் கூட்டிவந்த ஒளிப்பதிவாளரும் மற்றவர்களும் நிரப்பிவிட்டார்கள். இயக்குநர் என்று சொல்ல ஓர் உள்ளூர்க்காரர் தேவைப்பட்டார். அதற்குத்தான் வெலிங்டன்.

அவர் ஒரு காலத்தில் நிஜமாகவே படம் எடுத்தவர். சதுப்புக்காட்டுச் சேற்றில் தோள்வரை கையை விட்டு நண்டு பிடிக்கிறவர்களோடு மாதக்கணக்கில் தங்கி ஒரு படம் எடுத்தார். நான் அதைப் பார்த்திருக்கிறேன், நல்ல படம். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் படம் கொடுக்கவில்லை. கல்யாண வீடியோவும் பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் வீடியோவும் எடுத்தே தலை நரைத்துவிட்டது. இவோன் கூப்பிட்டபோது அவர் மனைவி மார்ஜோரி தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள், வீட்டுக்காரர் மறுபடியும் டைரக்டர் ஆகிவிட்டார் என்று. படப்பிடிப்பு நாளில் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். அந்தச் சட்டையோடு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவை, சோப்பு விளம்பரம் ஒன்றில், அந்தப் பெண் கேமராவைப் பார்க்காமல் சிரித்தால் நன்றாயிருக்கும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். காஸ்தோன் திரும்பி, மரியாதைக்குப் போடும் ‘தோன்’ சேர்த்தே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: “தோன் வெலிங்டன், நீங்க அந்த நாற்காலியை டைரக்ட் பண்ணுங்க. அசையாம அருமையா நடிக்குது.”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சாப்பாட்டு நேரத்தில் மீன் சூப்புத் தட்டை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஒப்பனைக்காரப் பெண், “சட்டத்துக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்கப்பா, அது பட்டினி கெடந்தா நம்ம எல்லாருக்கும் அபராதம்” என்றாள். அதற்கும் சிரிப்பு.

அந்தக் குளிர்பான விளம்பரத்தை அயாங்கே என்ற கடற்கரை ஊரைத் தாண்டி இருக்கும் ஒரு மரப்பலகைப் படகுத்துறையில் எடுத்தோம். அசல் விளம்பரத்தில் ஒருவன் கடல்துறை விளிம்பில் நின்று, புட்டியைக் காலி செய்துவிட்டு, கால் கீழே இருக்கும்படி தண்ணீரில் குதிப்பான். எங்கள் விளம்பரத்தில் குதிக்க வந்தவன் எஸ்தாலின் கிமி. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள துரானைச் சேர்ந்தவன். நீச்சல் குளத்தில் காவலாளி வேலை. முதுகைப் பார்த்தால் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும். அவனுடைய அம்மா தோன்யா யொகோண்டா கூடவே வந்து, படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காஸ்தோன் அவனை “டேய் முதுகு” என்றுதான் கூப்பிட்டான். பெயர் என்ன, ஊர் எது, சாப்பிட்டாயா என்று அவனிடம் கேட்ட ஒரே ஆள் வெலிங்டன்.

காலையிலேயே வேலை முடிந்துவிட்டது. எஸ்தாலின் குதித்தான், ஏறினான், துடைத்துக்கொண்டு மறுபடியும் குதித்தான். காஸ்தோன் கைப்பேசியில் அசல் விளம்பரத்தை ஓட்டி ஒத்துப்பார்த்துவிட்டு, “அப்படியே இருக்கு. மூட்டை கட்டுங்க” என்றான்.

அப்போதுதான் இவோனுக்கு ஃபோன் வந்தது. உள்நாட்டு விளம்பரம் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க அரசு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்துகொண்டிருக்கிறார், பத்திரிகைப் புகைப்படக்காரனும் கூட வருகிறான். இவோன் ஓடி வந்தாள்.

“காஸ்தோன், நீ வேன்ல போய் உட்காரு. வெளிய தலையைக் காட்டாதே. தோன் வெலிங்டன், எழுந்திருங்க! இந்தாங்க ஒலிபெருக்கி. காலைல எடுத்ததையே இன்னொரு தடவை எடுக்கிற மாதிரி காட்டுங்க. அவங்க போனதும் நாமளும் போயிடலாம்.”

“கேமரா ஓடணுமாம்மா?”

“ஓடட்டும், ஓடாட்டியும் போகட்டும். உங்க சட்டை நல்லாயிருக்கு, அது போதும்.”

அதிகாரி வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எல்லாருக்கும் கை கொடுத்தார். நம் ஆட்கள், நம் கடல் என்று ஏதோ சொன்னார். வெலிங்டன் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். “ஆக்‌ஷன்!” என்ற குரல் எங்களுக்கே புதிதாக இருந்தது. அவருக்குள் அப்படி ஒரு தொண்டை இருந்தது யாருக்கும் தெரியாது. எஸ்தாலின் சொன்னபடி நின்று, குடித்து, குதித்தான். அதிகாரி கைதட்டினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இவோன் என்னைப் பார்த்து, விளக்கை அணை என்று சைகை காட்டினாள்.

வெலிங்டன் ஒலிபெருக்கியைக் கீழே வைக்கவில்லை. கேமராவின் பின்னால் போய்க் கண்ணை வைத்துப் பார்த்தார். மேற்கே மேகம் ஒதுங்கி, பலகை முழுக்க வெயில் நீளமாக விழுந்திருந்தது. ஈரம் சொட்ட ஏறி வந்த எஸ்தாலினின் தோளில் கை போட்டார்.

“மகனே, இப்படி நட்டு வெச்ச கம்பம் மாதிரி நின்னு யாருப்பா குதிப்பான்? உனக்கு நெஜமா சந்தோஷம் வந்தா எப்படிப் போவே?”

“ஓடுவேன்.”

“அப்ப ஓடு. கரையிலேருந்து ஓடி வா. துறை முழுக்க ஓடு. முனைக்கு வந்ததும் நிக்காம தலைமுன்னால பாய்.”

எஸ்தாலின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். “காலைல இருந்த தண்ணி இல்லையே, தோன் வெலிங்டன். வடிஞ்சிருக்கு.”

அவரும் எட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு உடனே வானத்தைப் பார்த்தார். மேகம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“நல்லா எகிறித் தூரமாப் பாய். அங்க ஆழம் இருக்கும். வெயில் போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு, மகனே.”

அவன் சரி என்று தலையாட்டினான். அவனோடு மனிதனாகப் பேசியது அவர்தானே.

அவன் ஓடி வந்ததை நான் இன்னும் பார்க்கிறேன். பலகைகள் தடதடக்க, உடம்பெல்லாம் வெளிச்சமாக, சிரித்துக்கொண்டே வந்தான். நடிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. ஓடிக்கொண்டிருந்த கேமராவுக்கு முன்னால், எங்கள் கண்முன் பாய்ந்தான். புகைப்படக்காரன் அந்த நொடியில் அவனைப் படம் பிடிக்கவில்லை, வெலிங்டனைப் பிடித்தான். ஒலிபெருக்கி, திறந்த வாய், முகம் முழுக்கப் பரவசம்.

எஸ்தாலின் மேலே வரவில்லை. கொஞ்சம் பொறுத்து முதுகு மட்டும் மிதந்தது. நாங்கள் குதித்தபோது தண்ணீர் எங்கள் நெஞ்சுவரைகூட இல்லை. தூக்கும்போது அவன் கண் திறந்திருந்தது. “காலைப் புடிச்சிருக்கீங்களா? யாராவது காலைப் புடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தோன்யா யொகோண்டா இரண்டு கையாலும் அவன் கால்களைப் பிடித்திருந்தாள்.

கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் அறுந்துவிட்டது. உயிர் இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை.

காஸ்தோன் மறுநாள் விமானத்தில் போய்விட்டான். அவனை யாரும் தடுக்கவும் இல்லை. ஏட்டின்படி அவன் வேடிக்கை பார்க்க வந்தவன். வழக்கில் யாரும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. படத்தின் இயக்குநர் யார்? வெலிங்டன் சோயெஸ். குதிக்கச் சொன்னது யார்? அவர்தான். தண்ணீர் வடிந்திருப்பதாக அந்தப் பையன் சொன்னானா? சொன்னான். என்னைக் கேட்டார்கள், நானும் சொன்னேன். காலையில் எடுத்ததே போதுமானதாக இருந்ததா? போதுமானதாகத்தான் இருந்தது. இவோன் கூண்டில் நின்று அழுதாள். “நான் விளக்கை அணைக்கத்தான் சொன்னேன். ஆனா செட்டுல டைரக்டர் வெச்சதுதானே சட்டம்” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். சிரிப்பை அடக்க முடியவில்லையாம். பத்திரிகைப் புகைப்படம் நீதிபதியின் மேசைமேல் இருந்தது. வெலிங்டனின் வக்கீல், இவர் வெறும் பெயருக்கு உட்கார வைக்கப்பட்டவர் என்று சொல்லப் பார்த்தார். வெலிங்டனே எழுந்து அவரைத் தடுத்தார்.

“இல்லீங்க ஐயா. அந்த ஷாட் நான் எடுத்ததுதான்.”

அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். மார்ஜோரி தெருவில் தலைகாட்ட முடியாமல் தங்கை வீட்டுக்குக் குடிபோனாள்.

விளம்பரம் வெளிவந்தது. காலையில் எடுத்ததைப் போடவில்லை, அந்த ஓட்டத்தைத்தான் போட்டார்கள். அசலைவிட இது நன்றாயிருக்கிறது என்று குளிர்பானக் கம்பெனியே கேட்டு வாங்கியதாம். எஸ்தாலின் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டி, காலையில் எழுந்த நீர்த்தெறிப்பை ஒட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் தோன்யா யொகோண்டா எப்போதோ சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கால்பந்து ஆட்டத்தின் ஒவ்வொரு இடைவேளையிலும் அவன் ஓடினான், சிரித்தான், பறந்தான். கீழே, ‘நம் நாட்டில், நம்மவர்களால்’ என்று எழுத்து.

சிறையில் அதை முதல்முறை பார்த்த கதையை வெலிங்டனே எனக்குச் சொன்னார். நான் போய்ப் பார்த்த அன்று அவருடைய முன்பல் இரண்டு இல்லை.

“கைதிங்க எல்லாம் கத்துறானுங்க, ‘பாருடா, பறக்குறான்டா’ன்னு. என் வாய் சும்மா இருக்கலை. நான் எடுத்ததுன்னு சொல்லிட்டேன். எவனுக்கோ சேதி தெரிஞ்சிருக்கு. ‘அந்தப் பையன் கழுத்த ஒடச்சவன் நீதானா’ன்னு கேட்டான். அடிச்சானுங்க.” பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டார். “அதுகூடப் பெருசில்லை. அடி வாங்கிக்கிட்டு இருக்கும்போதே, அடுத்த இடைவேளைக்கு அது மறுபடி வருமான்னு கண்ணு டிவியப் பாத்துச்சு. ஓட்டம் அவ்வளவு நல்லா வந்திருக்கு. நான் என்ன ஜென்மம்?”



வெளியே வந்த பிறகு துரானுக்குப் போக வேண்டும் என்றார். தனியாகப் போகப் பயம், என்னைக் கூட்டிக்கொண்டார். தோன்யா யொகோண்டா கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. எஸ்தாலின் கட்டிலில் தலை உயர்த்தி வைத்துக் கிடந்தான். அந்த முதுகு எங்கே போயிற்றோ, போர்வைக்கடியில் ஆளே இல்லாதது போலிருந்தது. முகம் மட்டும் அப்படியே.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்” என்றான். “காலைல நான் குதிச்சது நல்லாயில்லையா?”

ஆம், சரியில்லை, அதனால்தான் கேட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். எனக்கு உள்ளுக்குள் அதைச் சொல்லட்டும் என்றுதான் இருந்தது.

“நல்லாத்தான் இருந்துச்சு, மகனே.”

“அப்புறம் ஏன்?”

“எனக்கு ஒண்ணு எடுக்கணும்னு ஆசை.”

வெளியே எரிவாயு வண்டிக்காரன் உருளையைத் தட்டிக்கொண்டு போனான். எஸ்தாலின் அம்மாவைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னான்.

“அம்மாவுக்கு இடுப்பு போச்சு. என்னைப் பொரட்டிப் போட்டு, கழுவி விட, அவளால ஆகலை. ஆள் வெக்க வழியில்லை. நீங்க தெனம் வாங்க.”

“வரேன்.”

“என்னை மகனேன்னு கூப்பிடக்கூடாது.”

“சரிப்பா.”

“அப்பான்னும் வேண்டாம். பேசவே வேண்டாம். வந்து வேலையைப் பாத்துட்டுப் போங்க.”

தோன்யா யொகோண்டா மூலையிலிருந்த வாளியை எடுத்து வெலிங்டனின் காலருகே வைத்தாள். அவர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். போர்வையை விலக்கினபோது வந்த நாற்றத்தில் நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

இது நடந்து வருடங்கள் ஆகின்றன. சட்டம் பிறகு எப்படியெப்படியோ மாறியது, இவோன் இப்போது வேறு தொழில் செய்கிறாள். வெலிங்டன் இன்றும் தினமும் ஆற்றுப் பாலம் தாண்டி துரானுக்குப் பஸ்ஸில் போகிறார். எஸ்தாலின் அன்றைக்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதை அம்மாவிடம் சொல்கிறான், அவள் அவரிடம் சொல்கிறாள். ஒருமுறை அவர், தானும் குடியேறியிருந்த மச்சினி வீட்டில் நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டபோது தோன்யா யொகோண்டா தேடி வந்தாள். நலம் விசாரிக்க வந்திருக்கிறாள் என்று மார்ஜோரியின் தங்கை காபி போடப் போனாள். வந்தவள் காபியைத் தொடவில்லை. கட்டிலருகே நின்று, “அவன் ரெண்டு நாளா நனைஞ்சு கெடக்கான், எழுந்திருங்க” என்றாள்.

அவர் எழுந்து போனார்.