கட்டணம் போதாத வசவு

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தம்பி லிப்ட் மெக்கானிக், அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தம்பி ஆசையாக வாங்கிய புதுச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே, "ஆஸ்பத்திரி பெஞ்ச் மாதிரி இருக்கு" என்று அண்ணன் சொன்னதில் தொடங்கிய வினை அது.

போனில் பிளாக், வாட்ஸப்பில் பிளாக். மிச்சமிருந்தது டிஜிட்டல் காசு வைக்கிற கிரிப்டோ வாலட். எப்போதோ அண்ணன் பேச்சைக் கேட்டு இருவரும் கொஞ்சம் காயின் வாங்கியிருந்தார்கள். வாலட்டை யாரும் பிளாக் செய்ய முடியாது. எதிராளியின் வாலட் முகவரிக்குப் பூஜ்யம் காயின் அனுப்பி, கூடவே நாலு வார்த்தை எழுதிவிடலாம். கட்டணம் மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

எழுதியது பிளாக்செயின் எக்ஸ்ப்ளோரர் என்கிற இணையப் பக்கத்தில் வந்து நிற்கும். முதலில் எண்ணும் எழுத்துமாகக் கன்னாபின்னாவென்று இருக்கும். ஓர் இடத்தில் தட்டினால் 'நன்றி கெட்டவன்' என்று தமிழாக மாறும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யாராலும் அழிக்க முடியாது. தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும், இடத்துக்குக் காசு. ஆகவே இருவரும் சுருக்கமாகத் திட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் தம்பி அனுப்பியது: 'இனி நீ அண்ணனே இல்ல.' வாலட்டில் சொற்பம்தான் இருந்தது. கட்டணத்தைக் குறைத்து வைத்ததால், பிளாக் என்கிற நிரந்தரப் பதிவுக் கட்டு எதிலும் அது ஏறவில்லை. எக்ஸ்ப்ளோரரில் 'நிலுவை' என்று தொங்கியது.

அவன் பெண்டாட்டி அண்ணியோடு பேசி முடித்துப் போனை வைத்துவிட்டு வந்தாள். "அக்கா பேசினாங்க. உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை வர்றாராம். சோபாவுக்கு நாலு குஷன் வாங்கி வெச்சிருக்காராம்."

தம்பி அவளிடம் போனை நீட்டினான். அவள் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழிங்க!"

"அழிக்க முடியாது. அனுப்பறது ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிசை நம்பர் உண்டு, ஒரு நம்பருக்கு ஒண்ணுதான் ஏறும். இதே நம்பர்ல, கூடுதல் கட்டணம் வெச்சு எனக்கே ஒண்ணு அனுப்பினா, பழசு செல்லாமப் போயிடும். ஆனா அதுக்குக் காயின் பத்தாது. காயின் வாங்கின ஆப்பையும் இழுத்து மூடிட்டுப் போயிட்டானுங்க."

"அவர் இதப் பாத்திருப்பாரா?"

"பாத்தா என்ன? இன்னும் கன்பர்ம் ஆகலல்ல. கன்பர்ம் ஆகாதது சொன்ன கணக்குல வராது."

"கட்டுன பொண்டாட்டிகிட்ட இந்தச் சட்டமெல்லாம் பேசாதீங்க. பிளாக்குல ஏறிடுச்சுன்னா?"

ஏறிவிட்டால் குஷன் வராது, அண்ணனும் வரமாட்டான். அன்று சனிக்கிழமை; காயின் அனுப்புகிற கூட்டம் குறைந்து, அவன் வைத்த தொகையே போதும் என்கிற அளவுக்குக் கட்டணம் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே சந்தோஷப்படுகிற நேரத்தில் அவன் மட்டும் கட்டணம் ஏற வேண்டுமென்று வேண்டிக்கொண்டான்.

பக்கத்தைப் புதுப்பித்தான். அண்ணனின் முகவரியிலிருந்து ஒரு வரவு. பூஜ்யம் இல்லை, நிஜக் காயின். தட்டினான்.

'கட்டணத்துக்கு. முழுசா சொல்லு.'

"பாத்துட்டாரு" என்றாள் அவள், சோபாவின் நுனியில் உட்கார்ந்து. "என்ன பண்ணப் போறீங்க?"

சவால்தான். இந்தக் காயினை வைத்து வசவை வேகப்படுத்தலாம், வெட்டியும் போடலாம். பத்து வருஷமாக லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துப் போட்டவன், இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத் தன் முகவரிக்கே பூஜ்யம் அனுப்பினான். அதே வரிசை நம்பர், கட்டணம் இரட்டிப்பு.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை டிக். பழைய வரிக்குப் பக்கத்தில் 'மாற்றப்பட்டது' என்று விழுந்தது.

மூச்சு விடுவதற்குள் அண்ணன் எழுதிவிட்டான்: 'நான் காசு குடுத்தது திட்டறதுக்குடா. கேன்சல் பண்ண இல்ல.'

"இவ்ளோ நீளமா! கோவமா இருக்காரா?"

"டா போட்டிருக்கான்."

"அதுக்கு?"

"சண்டை வந்ததுலேர்ந்து போடல."

அவள் அவனையே பார்த்தாள். அவன் மிச்சமிருந்த காயினைத் துடைத்து எடுத்து ஒரே ஒரு வார்த்தை அனுப்பினான். அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தபோது அது பிளாக்கில் ஏறியிருந்தது: 'போடா.'

"கூடப் பொறந்த அண்ணனைப் போய் போடாங்கறீங்களே, அதுவும் அழிக்க முடியாத எடத்துல!"

"அதுக்குத்தான் காசு குடுத்தான்" என்றான் தம்பி.