அழகுபாண்டியின் காளைக் கட்டு

மதுரை மாநகரப் பெருமக்களுக்கும், திருமங்கலம் பேரையூர் சுற்றுவட்டாரத்து விவசாயப் பெருங்குடியினருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: அவனியாபுரம் கிரில் பட்டறை உரிமையாளர் அழகுபாண்டி, வயது நாற்பத்தாறு, நான்கு மாத ஆராய்ச்சிக்குப் பின் தம்முடைய காளைக் கட்டை முடித்துவிட்டார்.

தொழுவத்தைத் தேட வேண்டாம். இது 'அசுர வேட்டை' என்கிற கார்டு விளையாட்டு. பூதம், டிராகன், சூனியக்காரி என்று படம் போட்ட கார்டுகளில் நாற்பதைப் பொறுக்கி ஒரு கட்டாக்கி மோத வேண்டும். முதல் கார்டை மட்டும் அவரவரே தேர்ந்துகொள்ளலாம். மற்றதெல்லாம் கலைத்தபின் வருவதுதான். ஆளுக்கு இருபது புள்ளி. ஒருவர் மிருகத்தை ஏவினால் எதிராளி ஒரு கார்டைக் குறுக்கே வைத்துத் தடுக்கலாம். தடுக்காவிட்டால் அடி. இருபதும் போனால் ஆள் காலி.

லூர்துராஜின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் ஆட்டம். அங்கே இரண்டு மேசை. பெரியது தேர்ந்தவர்களுக்கு, சின்னது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. சின்னதற்கு எல் போர்டு என்று பெயர். பெரிய மேசையில் தொடர்ந்து பத்து முறை தோற்றவர் எல் போர்டுக்கு இறங்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை நெஞ்சு நிமிர்த்தி முன்மொழிந்தவர் அழகுபாண்டி. இப்போது ஒன்பதில் நிற்பவரும் அவரே.

லூர்துராஜ் கட்டைப் புரட்டிப் பார்த்தார். நாற்பதும் காளை.

"ஏண்ணே, தடுக்கிறதுக்கு ஒரு சுவராச்சும் வைக்கலாம்ல?"

"காளைக்கு எதுக்குய்யா சுவரு? போகும், முட்டும். அம்புட்டுத்தான்."

"அது சரி, மொத கார்டு இதென்ன வெள்ளெருது? ஒரே புள்ளி அடிக்கிற சவலைய எவனாச்சும் முன்னால வைப்பானா?"

அழகுபாண்டி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அது கோயில் மாடுய்யா. ஜல்லிக்கட்டுல அத விடாம வேற மாட்ட அவுத்தா வெளங்குமா?"

ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்கார்ந்தவர் ரூத். மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். அந்த ஒன்பது தோல்வியில் ஆறு இவர் கையால் ஆனது. வரிசையாகச் சுவர் எழுப்பி, எதிராளி களைத்தபின் ஒரு டிராகனை இறக்குவது இவர் முறை.

அழகுபாண்டி எழுந்து நின்று, கையை மைக் போலக் குவித்தார். "மொதல்ல வருது கோயில் மாடு. யாரும் தொட வேணாம், ஒதுங்கி வழிய விடுங்கப்பா."

ரூத்திடம் இன்னும் சுவர் இல்லை. ஒரு புள்ளி போனது.

"இதுக்கு எந்திரிக்கணுமாண்ணே?"

அடுத்து முரட்டுக்கொம்பனும் தீமூக்கனும் இடிக்காளையும் பாய்ந்தன. மூன்றே சுற்றில் பதினெட்டுப் புள்ளி. அழகுபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். அதற்குள் ரூத்துக்கு மூன்று சுவர் வந்துவிட்டது. முரட்டுக்கொம்பன் மோதிச் செத்தது. தீமூக்கன் அதே சுவரில், அதே இடத்தில் செத்தது. இடிக்காளையும் யோசிக்கவில்லை.

களத்தில் மிஞ்சியது வெள்ளெருது. கோயில் மாட்டை இரண்டாம் தரம் ஓட்டுவதில்லை என்பதால் அவர் அதை முதல் சுற்றோடு நிறுத்திவைத்திருந்தார். ரூத்திடம் ஒரே புள்ளி.

"அடுத்த சுத்து டிராகன் வருதுண்ணே, இருபதையும் முடிச்சிரும். எல் போர்டுல எடம் போடச் சொல்லட்டா?"

எல் போர்டில் நாற்காலி கிடையாது, பிளாஸ்டிக் முக்காலிதான். அழகுபாண்டி வெள்ளெருதை முன்னால் தள்ளினார். மைக் குரல் வரவில்லை. "கோயில் மாடு வருதும்மா."

ரூத் சுவரை எடுத்தார். பாதி வழியில் கை நின்றது. கார்டைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"போகட்டும்."

"டீச்சர்," என்றார் லூர்துராஜ், "மூணு சுவரு இருக்கு. ஒண்ண வச்சா போதும்."

"எனக்கும் எண்ணத் தெரியும். கை வரல. பொங்கலன்னைக்கு கோயில் மாடு எங்க வாசல் வழியாத்தான் போகும். எங்கப்பா எங்கள ஓரமா இழுத்து நிறுத்திருவாரு."

"ரூல் புக்குல அப்படி ஒண்ணும் இல்லயே."

"எழுதுனவுக அவனியாபுரமா?"

வென்ற அழகுபாண்டி, தாக்குதல் என்பது ஒரு வாழ்க்கைமுறை என்று இருபது நிமிடம் உரையாற்றினார். முப்பத்தொன்பது காளைகளின் வீரத்தைத் தனித்தனியாகப் பாராட்டினார். வெள்ளெருதைப் பற்றிப் பேச்சே இல்லை. போகும்போது பெரிய மேசையில் தம் நாற்காலியின் முதுகில் பெயர் எழுதி ஒட்டிவிட்டும் போனார்.

அடுத்த வாரம் புது ஜெராக்ஸ் மெஷினை வைக்க லூர்துராஜ் பெரிய மேசையைக் கீழே இறக்கிவிட்டதால், இப்போது எல்லோரும் எல் போர்டில்தான் ஆடுகிறார்கள்.