நாற்பது விநாடி

வாலாஜா சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது ஃபீபி கோட்டுப் பையிலிருந்த ஸ்டாப்வாட்சை மறுபடியும் அழுத்தினாள். நாற்பது விநாடி ஓடியதும் நிறுத்தினாள். அதற்குள் முன்னால் நின்ற இரண்டு லாரிகளும் போய்விட்டன. பின்சீட்டில் ஒருத்தி வாழைப்பழத்தை உரித்துத் தின்று தோலையும் கவரில் போட்டு முடித்திருந்தாள். நாற்பது விநாடி கொஞ்ச நேரம்தான் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள். அளக்க அளக்க அது நீண்டுகொண்டே போகிறது.

இன்று ஓய்வுநாள். சென்னையில் நடக்கும் சர்வதேசப் பெண்கள் ஹாக்கிப் போட்டியில் லீக் ஆட்டங்கள் நேற்றோடு முடிந்தன. நாளை அரையிறுதி. நடுவர்கள், மேசை அலுவலர்கள் என்று பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு வண்டி ஆம்பூருக்குப் போகிறது. ஒரு ஷூ கம்பெனியைப் பார்ப்பது, பிரியாணி சாப்பிடுவது, திரும்புவது. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, பள்ளிக்கூட பி.டி. டீச்சர் என்பதால் வழியில் விளக்கம் சொல்லும் வேலை ஃபீபியின் தலையில் விழுந்தது. பாலம் வந்ததும் "இதுதான் பாலாறு" என்றாள். எல்லோரும் எட்டி மணலைப் பார்த்தார்கள். ஆறு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள்.

நேற்றைய கடைசி ஆட்டத்தில் தண்டனை நாற்காலி அவள் பொறுப்பு. தப்பாட்டம் ஆடிப் பச்சை அட்டை வாங்கியவள் இரண்டு நிமிடம் அதில் உட்கார வேண்டும். நேரம் பார்த்து உள்ளே அனுப்புவது ஃபீபி. நடுவில் பெனால்டி கார்னர் கொடுத்தால் ஆட்டக் கடிகாரத்தை நாற்பது விநாடி நிறுத்துவார்கள். தண்டனைக் கடிகாரத்தையும் கூடவே நிறுத்த வேண்டும். ஃபீபி நிறுத்தவில்லை. விதி தெரியாமல் இல்லை. மாவட்டப் பள்ளிப் போட்டிகளில் கடிகாரம் எதற்கும் நிற்காது. வெயில் ஏறுவதற்குள் ஆறு ஆட்டத்தை முடித்தாக வேண்டும். பதினெட்டு வருடம் அப்படியே ஓடவிட்ட விரல் நேற்றும் சும்மா இருந்துவிட்டது. நாற்காலியிலிருந்த கஜகஸ்தான் பெண்ணை நாற்பது விநாடி முன்னதாகவே "போ" என்றாள். சிலியின் கார்னர் வீணாகிப் பந்து திரும்பியது. அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு ஓடிக் கோல் போட்டாள். அப்போதும் அவள் நாற்காலியில் இருந்திருக்க வேண்டியவள். இரண்டுக்கு ஒன்று. சிலிக்கு அரையிறுதி இல்லை.

யாரும் கவனிக்கவில்லை. அட்டை எந்த நிமிடம் என்பதுதான் தாளில் இருக்கும். எப்போது உள்ளே போனாள் என்று யாரும் எழுதுவதில்லை. இரவு அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபீபிக்கே உறைத்தது.

பக்கத்து இருக்கையில் கமிலா. சிலிக்காரி, நடுவர். சொந்த நாட்டு ஆட்டம் என்பதால் நேற்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எங்கள் பெண்கள் காலையில் ஜிம்முக்குக்கூட வரவில்லை, என்ன செய்வது, ஒரு கோல் ஒரு கோல்தான் என்று சொல்லிவிட்டு, கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை நீட்டினாள். ஃபீபி வாங்கி மென்றாள். மென்று முடிப்பதற்குள் வேலூர் கோட்டை வந்துவிட்டது.

கணவன் ஜெயகரன் போன் செய்தான். "லிஸ்ட்டு நாலு மணிக்குதான? சர்ச் குரூப்ல போட்டுட்டேன், ஃபைனல் மேட்ச்சுல நீதான் டேபிள்ல உக்கார்றன்னு."

"லிஸ்ட்டே வரல. அதுக்குள்ள எதுக்குப் போட்ட?"

"வந்துடும்மா. நீ இன்னா தப்பா பண்ணிட்ட?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தாள். முன்சீட்டில் தலைமை அலுவலர் மார்கரெட் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபைனலுக்கு யார் யார் மேசையில் என்று பட்டியலைப் போடுகிறவர் அவர்தான்.

கம்பெனியில் வரிசை வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார்கள். கடைசியில் செக்கிங் மேசை. அங்கே முத்துமாரி நின்றிருந்தாள். படிக்கிற காலத்தில் பள்ளி ஹாக்கி அணியில் ஃபீபி இடது ஓரம், முத்துமாரி பின்காவல். ஷூவில் குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை.

"இன்னாடி, கோட்டெல்லாம் போட்டுனு. வெள்ளக்காரிங்கள மேய்க்கிறியா?"

"ஒன்னு சொல்லணும்டி." ஃபீபி முழுவதையும் சொன்னாள். முத்துமாரியின் கை நிற்கவில்லை.

"யாருன்னா பாத்தாங்களா?"

"இல்ல."

"சொன்னா அந்த மேட்ச்ச திரும்ப ஆடுவாங்களா?"

"மாட்டாங்க. என்னைய பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க. அவ்ளோதான்."

"அப்ப எதுக்கு பேஜார்? வாய மூடினு இரு. சூப்பர்வைசர் ஆவணும்னு நான் பதினோரு வருஷமா மூடினுதான் இருக்கேன்."

"ஆய்ட்டியா?"

"இல்ல."

ஃபீபிக்குச் சிரிப்பு வந்தது. "நாப்பது செகண்டுதான்டி" என்றாள்.

முத்துமாரியின் கை அப்போதுதான் நின்றது. "தானா? நாப்பது செகண்டுல நான் ஒரு ஜோடி பாத்து அனுப்பணும். தையல், பசை, சுருக்கம், கலரு. ஒரு செகண்டு ஜாஸ்தி ஆனா வந்து தலமேல நிப்பான். இன்னா பேச்சு பேசற." சொல்லிக்கொண்டே கையிலிருந்த ஷூவின் நாக்கைத் தூக்கி உள்ளே அம்பை ஒட்டி ஒதுக்கினாள்.

ஃபீபி குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "இதுல இன்னா?"

"ஒரு தையல் விட்டுருக்கு. போடறவனுக்கு ஆயுசுக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு ஒட்டற?"

"கண்ணுல பட்டுடுச்சே." சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தான். முத்துமாரி இன்னொரு அம்பை உரித்து ஃபீபியின் கோட்டுக் கையில் தட்டி ஒட்டினாள். "போடி. உன் ஆளுங்க பிரியாணிக்கு நிக்கறாங்க."

திரும்பும்போது வண்டி முழுக்க ஷூப் பெட்டிகள். வேலூர் வந்ததும் மார்கரெட் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். மணி மூன்று ஐம்பது. சொல்லாமல் விட்டால் நாளை மறுநாள் ஃபைனலில் அதே மேசை, அதே நாற்காலி. பள்ளிப் பிள்ளைகள் டிவியில் பார்ப்பார்கள். ஃபீபி ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். நாற்பது ஓடட்டும், அதற்குள் முடிவு செய்வோம் என்று நினைத்தாள். கமிலா அவள் கோட்டுக் கையைக் காட்டி, ஏதோ ஒட்டியிருக்கிறது என்று உரிக்க வந்தாள்.

"இருக்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஃபீபி எழுந்தாள்.

சத்துவாச்சாரி வந்துவிட்டது. அவள் தெரு முனையிலுள்ள மருந்துக்கடை பின்னால் போயிற்று. "மேடம், உக்காருங்க, பிரேக் போடுவேன்" என்றார் டிரைவர். கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏழு வரிசை முன்னால் போனாள். மார்கரெட் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து இருக்கையிலிருந்த ஷூப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். ஃபீபி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையில் சிவப்பு அம்பு அவளையே காட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தபோதுதான், பைக்குள் ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.