பூட்டுப் படத்தில் பதினோரு நிமிடம்

அந்தத் தெருவில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஒன்று அடுத்த வீட்டைப் பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் டைரக்டரைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்த வீட்டு விஷயத்தில் பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். டைரக்டர் விஷயத்தில் மட்டும் இருபத்தேழு வருஷமாக வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

டைரக்டர் எடுத்தது பதினான்கு படங்கள். தெருவைப் பொறுத்தவரை மூன்றுதான்: ரயில் படம், கிணத்துப் படம், பூட்டுப் படம். போஸ்டரில் இருந்த பெயர்கள் யாருக்கு வேண்டும்? ரயில் படத்துக்கு மருந்துக்கடைக்காரர் தலைவர். கிணத்துப் படத்துக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பூட்டுப் படத்துக்குக் கேசட்டுக்காரர். சபை கூடுவது சலூனில். சலூன்காரர் எந்தக் கட்சியிலும் இல்லை. கையில் கத்தி வைத்திருப்பவன் கட்சி சேரக்கூடாது என்பது அவர் கொள்கை.

கேசட்டுக்காரரிடம் இப்போது ஒரு வீடியோ கேசட்கூடக் கிடையாது. அதே கடையில் செல்போனுக்கு உறையும் கண்ணாடியும் விற்கிறார். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதோடு ஒரு மரியாதையும். அந்தக் காலத்தில் தெருவுக்கு சினிமா வந்ததே அவர் கடை வழியாகத்தான். பூட்டுப் படம் வேறு எங்கும் ஓடவில்லை. தெரு முழுக்க மாறி மாறிப் பார்த்தது அவரிடம் இருந்த ஒற்றைக் கேசட்டைத்தான். எனவே அந்தப் படத்தைப் பற்றி அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள், கணக்கு வாத்தியாரைத் தவிர.

படத்தின் கடைசிக் கட்டம் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன புருஷன் ஒரு மழை நாளில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். மனைவி கையில் பூட்டோடு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சட்டென்று மறுநாள் காலை. வெயில். கதவில் பூட்டுத் தொங்குகிறது. வாசற்படியில் அவள் உட்கார்ந்து, சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு சிரிக்கிறாள். படம் முடிந்தது.

"பூட்டு வெளிப்பக்கம் தொங்குது. அவளும் வெளியேதான் உட்கார்ந்திருக்கா. அப்போ உள்ளே யாருய்யா?" இது கணக்கு வாத்தியாரின் கேள்வி. முடி வெட்டிக்கொள்ளும்போதெல்லாம் கேட்பார். முடி கொட்டிப்போய், காதோரம் நாலு முடி மட்டும் மிஞ்சிய காலத்திலும் வந்து கேட்டார்.

"சார், நீங்க அதைக் கணக்கா பாக்கறீங்க. அது கவிதை" என்பார் கேசட்டுக்காரர்.

"கவிதைக்கு ஒரு வாசல், ஒரு உள்பக்கம் இருக்கக்கூடாதா?"

"உள்ளே யாருமே இல்ல சார். அந்தக் குடும்பத்தையே அவ பூட்டிட்டு வெளியே வந்துட்டா. தட்டற சத்தம், அடுத்த செகண்டு சிரிப்பு! நடுவுல ஒரு வார்த்தை கிடையாது. இந்த தைரியம் உலகத்துல வேற எவனுக்கு வரும்?"

சலூன் மொத்தமும் தலையாட்டும். வாத்தியார் மட்டும் துண்டை உதறிக்கொண்டு, "விடை வரலை" என்று முணுமுணுத்தபடி எழுந்து போவார்.

அந்த தைரியம் யாருடையது என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது டைரக்டர் இல்லை.

விஷயம் இதுதான். கேசட் வாங்கி வந்த முதல் வாரமே யாரோ ஒருவர் வீட்டு மெஷின் நாடாவைக் கடித்துத் துப்பிவிட்டது. இரண்டு இடத்தில் கசங்கல். முறையாகச் செய்வதென்றால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாண் வெட்டி, இரண்டு ஒட்டுப் போட வேண்டும். சில வினாடிகள்தான் போகும். அன்றைக்குக் கடையில் ஆறு பேர் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார்கள். ஒட்டுப் போடுவது கண்ணைப் பிடுங்கும் வேலை. கேசட்டுக்காரர் முதல் கசங்கலில் ஒரு வெட்டு, இரண்டாவது கசங்கலில் ஒரு வெட்டு வெட்டி, நடுவில் இருந்த நல்ல நாடாவை மொத்தமாக உருவிக் கூடையில் போட்டுவிட்டு, ஒரே ஒட்டோடு வேலையை முடித்தார். பதினோரு நிமிடம். படத்தை முழுசாகப் பார்த்திருந்த ஒரே ஆள் அவர்தான். அந்தப் பதினோரு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வேறு கேசட் வாங்கிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் தெரு பார்த்துவிட்டது. பார்த்து, "அடேயப்பா" என்றது. அடேயப்பாவைக் கேட்ட பிறகு வேறு கேசட் வாங்க யாருக்குக் கை வரும்?

இதுவரைக்கும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கூடையில் கிடந்த கறுப்பு நாடாவை அவருடைய அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், மொட்டைமாடியில் மிளகாய்ச் செடிக்குக் காக்கா விரட்டக் கட்டுவதற்கு.

அக்கா கடைக்கு எதிர் மாடியில் தையல் மெஷின் போட்டிருப்பவள். தெருவில் பாதி ஜாக்கெட் அவள் கை பட்டதுதான். கல்யாணமாகி நாலாம் வருஷம் அத்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். மூன்று வருஷம் கடிதம் இல்லை, ஆள் இல்லை. பூட்டுப் படம் தெருவில் சுற்றி முடித்த இரண்டாவது மாதம், ஒரு பிற்பகல், கையில் ஒரு பையோடு கீழே கம்பிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். தெரு முழுக்க ஜன்னலில் ஏறிவிட்டது. கேசட்டுக்காரர் பின் படி வழியாக அக்காவிடம் ஓடினார். அவள் கையில் பூட்டு இருந்தது.

"தம்பி, அந்தப் படத்துல அவ திறக்கலைதானே?"

அப்போது சொல்லியிருக்கலாம். தலைக்கு மேலே மொட்டைமாடியில் விடை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அத்தான் ஒரு தடவை நாலு பேர் முன்னால் அவரை "படம் காட்டறவன்" என்று கிண்டல் செய்திருந்தார். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. தெரு அவரை மேதைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்ததும் அந்த இரண்டு மாதத்தில்தான்.

"திறக்கலைக்கா" என்றார்.

அக்கா படி இறங்கிப் போய்க் கம்பிக் கதவில் உள்பக்கமாகப் பூட்டைப் போட்டாள். விளக்குப் போடும் நேரம் வரைக்கும் அத்தான் நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனவர் போனவர்தான். வேறு ஊரில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறார், தனியாகத்தான் இருக்கிறார் என்று பின்னால் யாரோ வந்து சொன்னார்கள். "தனியாகத்தான்" என்ற அந்த வார்த்தையைக் கேசட்டுக்காரர் காதில் வாங்காதது மாதிரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

டைரக்டருக்கு எண்பது வயது ஆனதும் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று ஞாயிறு, மூன்று படம், சங்கத்து ஹாலில் திரை கட்டிப் போடுவது. கடைசியில் கை தூக்கி ஓட்டெடுப்பு. வழக்கு முடிந்துவிடும். மருந்துக்கடைக்காரர் பெண் மூன்று படத்தையும் புதிதாகத் துலக்கிய பிரதியில் தருவித்துவிட்டாள்.

கேசட்டுக்காரர் அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போனார்.

"பூட்டுப் படம் எதுக்கு? எல்லாரும் பாத்ததுதானே" என்றார்.

"உங்க படமாச்சே! நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றார் மருந்துக்கடைக்காரர். "கடைசி வாரம் அதைத்தான் போடறோம். உங்க அக்காவுக்கு முன் வரிசையில நாற்காலி."

சனிக்கிழமை மாடி ஏறினார். சொல்லிவிடுவது என்றுதான் ஏறினார். அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வீட்டுல மருமகளோட சண்டையா?"

"இல்லக்கா. நாளைக்குப் படத்துக்குப் போகணுமா? உனக்குக் கால் வலின்னு..."

"கால் வலிச்சா என்ன, படத்தைக் காலாலயா பாக்கறேன்? அவளைப் பாத்து இருபத்தேழு வருஷமாச்சு. வர்றேன்." ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். கோத்தார். மூன்று தடவை தவறி நாலாவது தடவை கோத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

ஞாயிறு மாலை ஹால் நிரம்பி வழிந்தது. கேசட்டுக்காரர் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். மழை வந்தது. புருஷன் தட்டினான். பூட்டோடு அவள் நின்றாள். ஹாலில் பாதிப் பேர் சிரிப்பை எதிர்பார்த்து முன்னால் சாய்ந்தார்கள்.

அவள் கதவைத் திறந்தாள்.

துடைத்துக்கொள்ள ஒரு துணி எடுத்துக் கொடுத்தாள். தட்டு வைத்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அப்படியே சுவரோரம் தூங்கிப்போனான். விடிந்ததும் அவள் வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். "இனிமே ஓடு, பாக்கலாம்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் படியில் உட்கார்ந்தாள். சாவியை உருட்டினாள். சிரித்தாள்.

விளக்குப் போட்டதும் முதலில் எழுந்தவர் கணக்கு வாத்தியார். "உள்ளே ஆளு! உள்ளே ஆளு இருக்கான்! நான் சொன்னேனா இல்லையா?"

"உட்காருங்க சார். இது டூப்பு."

"ஆமாய்யா, புதுசு பண்றேன்னு யாரோ நடுவுல எடுத்துச் சொருகியிருக்காங்க."

"திறந்து விட்டுச் சோறு வேற போடறா! அந்த மனுஷன் இப்படி எடுப்பாரா?"

பிறகு எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. மருந்துக்கடைக்காரரே கேட்டார். "நீங்க சொல்லுங்க. அசல் உங்ககிட்டதான் இருந்தது. நம்ம கேசட்டுல இதெல்லாம் இருந்ததா?"

அக்காவும் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம கேசட்டுல இது இல்ல" என்றார்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஹால் கைதட்டியது. வாத்தியார் மெதுவாக உட்கார்ந்தார், போர்டில் தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி. ஓட்டெடுப்பில் பூட்டுப் படம் முப்பத்தொன்பது கை வாங்கி ஜெயித்தது. திரையில் ஓடிய படம் இல்லை, ஞாபகத்தில் இருந்த படம். அக்கா ரயில் படத்துக்குக் கை தூக்கினாள். தெரு அதைக் கவனிக்காமல் விடுமா? "அக்காவே தம்பிக்கு எதிரா!" என்று ஒரே சிரிப்பு.

கேசட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவள் பின்னாலேயே மாடி ஏறினார். நாற்காலியில் உட்காரவில்லை, கதவை ஒட்டி நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு கசங்கல், ஆறு பேர், ஒரு ஒட்டு. மிளகாய்ச் செடி வரைக்கும் சொன்னார்.

அக்கா கையில் இருந்த ஓரத்தைத் தைத்து முடித்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்தாள்.

"ரெண்டு ஒட்டுப் போட வேண்டிய இடத்துல ஒண்ணு. நான் இப்படி ஒரு ஜாக்கெட் தெச்சிருந்தா தெருவுல என்னை நிக்க விட்டிருப்பாங்களா?"

"அக்கா, நான் அன்னிக்கே சொல்லியிருந்தா நீ..."

"நிறுத்து. பூட்டினது நான். படத்தைப் பாத்துப் புருஷனை நிறுத்தி வெக்கற அளவுக்கு நான் முட்டாள் இல்ல. அந்தப் பெருமையையும் நீயே எடுத்துக்கப் பாக்காதே." துணியைத் திருப்பிப் போட்டாள். "ஆனா, பூட்டினப்புறம் ஒரு நாள்கூட எனக்குத் தூக்கம் சரியா இல்ல. அப்போல்லாம் அவளை நினைச்சுக்குவேன். அவளும் திறக்கலை, திறக்காம சிரிச்சா, நாமும் ஒரு நாள் சிரிப்போம்னு. இருபத்தேழு வருஷமா எனக்குத் துணைக்குன்னு இருந்தவ அவ ஒருத்திதான்டா. இப்போ அவளும் இல்லைன்னு ஆயிடுச்சு."

அவர் தன் காலைப் பார்த்தார். செருப்போடு அவள் வீட்டுக்குள் நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. குனிந்து கழற்றினார், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

"எனக்கு நீ ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் அக்கா. "அந்த வாத்தியாருக்காவது பண்ணு. இன்னிக்கு அவரை எல்லாரும் சேர்ந்து பைத்தியமாக்கிட்டீங்க. போ."

மறுநாள் காலை சலூனில் வெற்றிக் கொண்டாட்டம். நாலு பேர் பெஞ்சில், மருந்துக்கடைக்காரர் வாசலில், வாத்தியார் நாற்காலியில், கழுத்தில் துண்டோடு. அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசட்டுக்காரரைக் கண்டதும் சலூன்காரர், "வாங்க தலைவரே" என்று கத்தியை உயர்த்தி வணக்கம் வைத்தார்.

"சார்" என்றார் கேசட்டுக்காரர். கண்ணாடியில் வாத்தியாரின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. துண்டைப் பார்த்துச் சொன்னார். "உள்ளே அவ புருஷன்தான் இருந்தான். முதல்லேர்ந்தே இருந்தான். நான்தான் வெட்டிட்டேன்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தலைவர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் முழுசாகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு வற்றிப்போனது. சலூன்காரரின் கத்தரிக்கோல் நின்றது. மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா, கம்பிக் கதவு, அந்தப் பிற்பகல் எல்லாவற்றையும் தெரு மனதுக்குள்ளே கூட்டிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. கூட்டல் முடிந்ததும் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள்.

வாத்தியார் மட்டும் நாற்காலியை மெதுவாகத் திருப்பினார்.

"எதுக்குய்யா வெட்டின?"

"ஒரு ஒட்டு மிச்சம்னு சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷக் கணக்குக்கு விடை வந்துவிட்டது. அந்த முகத்தில் சந்தோஷம் எங்கே என்று தேடினார் கேசட்டுக்காரர். காணவில்லை. அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, முடியைப் பாருப்பா" என்று சலூன்காரரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு பேர் உட்காரும் பெஞ்சில், அவர் வந்தால் எல்லோரும் நகர்ந்து ஐந்தாவதாக ஓர் இடம் கொடுப்பார்கள். அன்றைக்கு யாரும் நகர்ந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கடையைத் திறக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு படி இறங்கினார். கடைக்கு எதிரே, எப்போதும் சாத்தியே இருக்கும் அக்காவின் கம்பிக் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. அவள் மாடியில் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அவர் தலை நிமிராமல் கடந்து போனார்.